40 நாள் உபவாசம் 17ஆம் நாளில் நின்றுவிட்டால்

கேள்வி: போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். எனக்கு வயது 46. ஒன்பது வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். பேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. மகனுக்கு மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில்) இடம் கிடைத்தால் 40 நாள் உபவாச ஜெபம் செய்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். இடம் கிடைத்தது. 17ஆம் நாள் கேஸ்ட்ரிக் வந்து வேலை இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டேன். ஜெபக்குழுவில் ஓர் அக்கா, "பொருத்தனை உடைந்தால் பையன் படிப்பில் தடை வரும்" என்கிறார். தினமும் புத்தகத்தில் இலக்கமிட்ட ஆயிரம் ஸ்தோத்திரம் (துதி வரிகள்) வாசிக்க உட்கார்ந்தால் முந்நூறு தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். மோட்டார் கடன் மாதாமாதம் கட்டுகிற மாதிரி ஆகிவிட்டது ஜெபம். கிருபையினால் இரட்சிப்பு என்றால் எனக்கு ஏன் இந்தப் பயம்? நான் எப்படி நன்றி செலுத்துவது? குற்ற உணர்ச்சியில் இரண்டு மாதமாகத் திருவிருந்தும் எடுக்கவில்லை.

பதில்: கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

முதலில் மகன் விஷயம். நீங்கள் மயங்கி விழுந்ததற்காகக் கர்த்தர் உங்கள் பிள்ளையின் படிப்பில் கை வைக்கமாட்டார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. அந்த அக்கா உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனாலும் அது சுவிசேஷம் இல்லை. மறுபடி சொன்னால் யோவான் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வேண்டிக்கொண்டால் செலுத்தியாக வேண்டும் என்பது நம் ஜனங்களுக்குள் ஊறிப்போன ஒன்று. தோட்டத்துக் கோயிலில் நேர்ந்துகொண்டு, பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி எடுத்துப் போய் நேர்த்திக்கடனைத் தீர்க்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவர் நீங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்த நேர்மை நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் முதலில் வேண்டுதல், பிறகு கிடைப்பது, பிறகு செலுத்துவது என்ற அந்த வரிசையை அப்படியே இரட்சிப்பின் மேல் ஏற்றிவிட்டால் எல்லாம் கோணலாகிவிடும். இரட்சிப்பில் நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்கிறது ரோமர் 5:8. நீங்கள் கேட்காத ஒன்றுக்கு, நீங்கள் பிறக்காத காலத்தில், உங்களால் தர முடியாத விலை கொடுத்தாயிற்று.

எபேசியர் 2:8, 9 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 10ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நற்கிரியை அங்கேதான் வருகிறது, இரட்சிப்புக்குப் பிறகு. அதையும் தேவனே முன்னதாக ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார். ஜெபமும் உபவாசமும் காணிக்கையும் அந்த 10ஆம் வசனத்தில் இருக்க வேண்டியவை. அவற்றை 8ஆம் வசனத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டால் அன்றைக்கே பயம் தொடங்கிவிடும். எவ்வளவு செய்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாதே. சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனுக்கு ஒரு நாள் உபவாசம் இருக்கவும் நேரமில்லை. கை கால் அசைக்க முடியாத நிலையில் ஒரு வரி ஜெபம் செய்தான். அன்றைக்கே பரதீசு.

இந்தப் பயம் படித்தவர்களையும் விட்டதில்லை. மெதடிஸ்ட் இயக்கத்துக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நாட்களிலேயே புதன், வெள்ளி என்று வாரம் இரண்டு நாள் உபவாசம் இருந்தார். சிறைச்சாலைகளுக்குப் போய் ஊழியம் செய்தார். 1728இல் குருப்பட்டம் பெற்றார், 1735இல் கடல் கடந்து ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போனார். இத்தனைக்கும் பிறகு தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. 1738 மே 24ஆம் தேதி மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த நிச்சயம் வந்தது. அன்றைக்கு அவர் செய்தது ஒன்றுமில்லை, உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஜெபத்தைக் குறைத்துவிடவில்லை. 1791இல் மரிக்கும்வரை விடியற்காலையில் எழுந்து ஜெபித்தார், பிரசங்கித்தார். செய்த காரியங்கள் பழையவைதான், பயம் மட்டும் போயிருந்தது.

நன்றி எப்படிச் செலுத்துவது என்று கேட்டீர்கள். இதே கேள்வியைச் சங்கீதக்காரனும் கேட்கிறான். "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" சங்கீதம் 116:12. பதில் அடுத்த வசனத்தில் இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள். "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்." என்ன கொடுப்பேன் என்று தொடங்கியவன், இன்னும் எடுத்துக்கொள்கிறேன், இன்னும் கூப்பிடுகிறேன் என்று முடிக்கிறான். உங்கள் மோட்டார் கடனில் ஒவ்வொரு மாதமும் பாக்கி குறையும். கடைசித் தவணை கட்டியதும் பேங்குக்கும் உங்களுக்கும் தொடர்பு முடிந்துவிடும். கர்த்தர் அப்படி ஒரு முடிவை விரும்பவில்லை. நீங்கள் இன்னும் வாங்கிக்கொள்ள வரவேண்டும் என்பதே அவருக்குப் பிரியம்.

லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், அது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த ஒன்பது பேரிடமிருந்தும் சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக அங்கே ஒரு வரி இல்லை. நன்றி சொல்லத் தவறியவனுக்கும் ஈவு ஈவாகவே இருந்தது. திரும்பி வந்த சமாரியனுக்கோ இன்னும் ஒன்று கிடைத்தது: இயேசுவின் காலருகே விழுந்துகிடக்கும் இடமும், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும்.

அதற்காகப் பொருத்தனையை ஒன்றுமில்லை என்று தள்ளச் சொல்லமாட்டேன். உபாகமம் 23:21 முதல் 23 வரை, செய்த பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்கிறது. அதே இடத்தில், பொருத்தனை பண்ணாமல் இருந்தால் பாவமில்லை என்றும் இருக்கிறது. செய்தபிறகு நிறைவேற்ற முடியாமல் போனால்? லேவியராகமம் 27ஐப் பாருங்கள். ஒருவரைப் பொருத்தனையாக நேர்ந்துகொண்டால் 20 முதல் 60 வயதுள்ள ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல், பெண்ணுக்கு 30 சேக்கல் என்று கணக்கு வைத்திருக்கிறது. 8ஆம் வசனத்தில், அதைச் செலுத்த முடியாத ஏழை ஆசாரியன் முன்பாக வந்து நிற்கட்டும், அவனுடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிக்கட்டும் என்கிறது. நியாயப்பிரமாணத்திலேயே இந்த இரக்கம் இருந்தது.

ஆகவே நீங்களும் உங்கள் சபைப் போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து, சத்தமாக, சொந்த வார்த்தையில் அறிக்கையிடுங்கள். "ஆண்டவரே, என் உடம்பின் அளவு தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், முடிக்க முடியவில்லை, மன்னியும்." இவ்வளவு போதும். 1 யோவான் 1:9ஐ அவர் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பாக்கி 23 நாளை இன்னொரு மாதத்தில் தொடர வேண்டாம். முதலில் இருந்து 40 நாள் தொடங்கவே வேண்டாம். உங்கள் மனதுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் போல இருந்தால், ஓய்வு நாள் ஒன்றில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தச் செலவை உங்கள் தாமானில் கஷ்டப்படும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏசாயா 58:7 கேட்கிற உபவாசம் அதுதான்: பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு. ஒரு முறை போதும். இனி காரியம் நடந்தால் இதைச் செய்வேன் என்று பேரம் வைக்காதீர்கள். "ஆண்டவரே, இது எனக்கு வேண்டும், தாரும்" என்று கேளுங்கள். பிள்ளை அப்பாவிடம் அப்படித்தான் கேட்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேஸ்ட்ரிக் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் 12 மணி நேரம் நின்று வேலை பார்த்தால் வயிற்று அமிலம் சும்மா இருக்காது. அதோடு காலையில் கெட்டியாக ஒரு கோப்பி ஓ, தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். பல வலி மாத்திரைகள் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். தண்ணீரும் குடிக்காமல் இருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பேக்டரி சூட்டில் தண்ணீர் இல்லாமல் நின்றால் மயக்கம் வரும், அது ஆவிக்குரிய தோல்வி ஆகாது. அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள், மயங்கி விழுந்ததைச் சொல்லுங்கள், இரத்தத்தில் சர்க்கரையும் இரும்புச்சத்தும் எப்படி என்று கேளுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ ஜெபக்குழுவுக்குத் தகவல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளையும் விடக்கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உபவாசம் வேண்டும் என்று உள்ளம் ஏங்கினால் தானியேல் 10:3 இருக்கிறது. ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் ஆகியவற்றை மூன்று வாரம் விட்டான் என்கிறது. உங்களுக்கு அது போதும்: மூன்று வேளையும் சாப்பிட்டு, பிடித்தமான ஒன்றை மட்டும் விடுங்கள். வேலை நாளில் முழு உபவாசம் உங்களுக்கு வேண்டாம்.

ஆயிரம் ஸ்தோத்திரத்தில் தவறு ஒன்றுமில்லை. தேவனுடைய நாமங்களையும் செய்கைகளையும் வரிசையாகச் சொல்லித் துதிப்பது நல்ல பழக்கம், வேத வார்த்தைகள் வாயில் தங்கும். ஆனால் இலக்கம் உள்ளே வந்துவிட்டால் கண் அடுத்த எண்ணைத்தான் பார்க்கிறது, 412க்கும் 413க்கும் நடுவில் யாரைத் துதிக்கிறோம் என்பது மறந்துவிடுகிறது. மத்தேயு 6:7இல் ஆண்டவர் எச்சரித்தது இந்த நினைப்பைத்தான், அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்ற நினைப்பை. புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து எடுங்கள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்தி, அது உங்கள் வாழ்க்கையில் எங்கே நடந்தது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். "என் அக்கிரமங்களை மன்னித்தவரே ஸ்தோத்திரம்" என்று சொன்னால், எந்த அக்கிரமம் என்று அவருக்கும் உங்களுக்கும் தெரியுமே, அதைச் சொல்லுங்கள். பத்து முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும், தூக்கம் வராது. ஆயிரமும் முடிய 100 நாள் ஆகட்டும்.

தினசரி ஜெபத்துக்கு 1535இல் மார்ட்டின் லூத்தர், விட்டன்பர்க்கில் தனக்கு முடிவெட்டிவந்த பேதுரு என்பவருக்கு எழுதிக்கொடுத்த முறையைச் சிபாரிசு செய்கிறேன். அவரும் கை வேலை செய்து பிழைத்தவர், ஜெபிக்கத் தெரியவில்லை என்று கேட்டவர். ஒரு சிறு வேதப்பகுதியை எடுத்து அதை நான்கு விதமாகப் பார்க்கச் சொன்னார் லூத்தர்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. கொலோசெயர் 2:14ஐ எடுத்துப் பாருங்கள். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார். கற்பது: என் பேரில் இருந்த கடன் பத்திரம் கிழிந்துவிட்டது. நன்றி: "ஆண்டவரே, அதைக் குலைத்தீரே, ஸ்தோத்திரம்." அறிக்கை: "கிழிந்த பத்திரத்துக்கு நான் இன்னும் தவணை கட்டப் பார்க்கிறேன், மன்னியும்." கேட்பது: "இன்று பஸ்ஸில் அந்தப் பயம் திரும்ப வந்தால் இதை நினைப்பூட்டும்." கடைசியில் கர்த்தருடைய ஜெபம். எல்லாம் சேர்த்து 10 நிமிடம்.

எப்போது என்பதுதான் ஷிப்ட் வேலைக்காரர்களுக்குக் கஷ்டம். பகல் ஷிப்ட் வாரத்தில் பேக்டரி பஸ் வருவதற்கு 15 நிமிடம் முன்னால், குளித்து உடுத்தியபிறகு, பசியாறுவதற்கு முன் உட்காருங்கள். படுக்கையில் வேண்டாம், முதுகு நேராக இருக்கும் நாற்காலியில். கைப்பேசி வேறு அறையில். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, நன்றிக்குரிய ஒரு வரி எழுதுங்கள். கை எழுதும்போது மனம் அலைவது குறையும். இரவு ஷிப்ட் வாரத்தில் பலர் செய்யும் தவறு, காலை வீட்டுக்கு வந்தவுடன் ஜெபிக்க உட்காருவது. இரவெல்லாம் விழித்த உடம்பு அப்போது தூங்கத்தான் பார்க்கும். அந்த நேரத்துக்குச் சங்கீதம் 4:8 மட்டும் சொல்லிப் படுத்துவிடுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." பிற்பகல் தூங்கி எழுந்து முகம் கழுவியபிறகு அந்த 10 நிமிடத்தை எடுங்கள். ஷிப்ட் மாறும் நாளில் தவறிப்போகும், மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள். விட்டதைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினால் பழைய கணக்குப் புத்தகம் திரும்பத் திறந்துவிடும். அசதியில் ஒரு வார்த்தையும் வராத நாளில் ரோமர் 8:26ஐ நினையுங்கள். உங்கள் பெருமூச்சுக்குள்ளே ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார். இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) ஜெபத்தையும் மறக்காதீர்கள். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நீதிமானாக வீட்டுக்குப் போனான்.

நம் சபைகளில் ஒரு பழக்கத்தைப் பற்றியும் கவலையோடு சொல்கிறேன். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்பதற்கே ஸ்தோத்திரம் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் என்றால், இடம் கிடைக்காத வருடத்தில் நன்றியும் நின்றுவிடும். மகனுக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தாலும் உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டே இருந்திருக்கும், அவரை "அப்பா" என்று கூப்பிடும் உரிமை உங்களுக்கு இருந்திருக்கும். நோட்டில் எழுதும் நன்றிகளில் முதலாவது எப்போதும் இந்த வகையாக இருக்கட்டும். வசனத்துக்குத் தட்டுப்பாடு வராது: ரோமர் 5:8, ரோமர் 8:15, தீத்து 3:5, 1 பேதுரு 1:3, சங்கீதம் 103:12. அதன்பிறகு மகன், சம்பளம், சுகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அழுகையும் புலம்பலும் வந்தால் அதையும் எழுதலாம், சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் ஜெபம்தான். ஆனால் தொடர்ந்து இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் கிளினிக்கில் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அதை மறைத்து ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

இப்படி எல்லாம் இலவசம் என்றால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடமாட்டார்களா என்று ஜெபக்குழுவில் யாராவது கேட்கலாம். பவுலிடமே கேட்டார்கள். ரோமர் 6ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கான பதில்.

திருவிருந்து. அடுத்த முறை கட்டாயம் போங்கள். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தபிறகு விலகி நிற்கச் சொல்லவில்லை. பவுல் கண்டித்தது, ஏழைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் வயிறார உண்டவர்களை. உங்களைப்போல் நொந்துபோனவர்களை அல்ல. முந்தின இரவு சங்கீதம் 51ஐ ஒரு முறை வாசியுங்கள், மனதில் உறுத்துவதைச் சொல்லுங்கள், யாரிடமாவது மனஸ்தாபம் இருந்தால் ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள். காலையில் கேஸ்ட்ரிக்குக்கு ரொட்டியும் மைலோவும் எடுத்துக்கொண்டு போங்கள், வெறும் வயிற்றில் போகவேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. அப்பமும் பாத்திரமும் வரும்போது கையை நீட்டுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டால் வியாழக்கிழமைக்குள் போதகருக்குச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து தர முடியுமா என்று கேளுங்கள்.